கார்டின் மேல் வைத்த கோப்பை

மருத்துவமனையின் லிஃப்ட் முந்தாநாளே நின்றுவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களை ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர் படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். லிஃப்டைப் பராமரித்துவந்த பழைய கம்பெனியோ கைவிரித்துவிட்டது. உடனே வருகிறேன் என்றது, லிஃப்ட் பழுதுபார்க்கும் சிறு நிறுவனம் நடத்தும் ஓர் அம்மாள் மட்டும்தான்.

கூட்ட அறைக்குள் வந்த அந்தம்மா, விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். நிர்வாக மேலாளர் எழுந்திருக்கவில்லை. போனில் பேசிக்கொண்டே வாங்கி, பார்க்காமலே மேசையில் போட்டு, தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைத்தார். பக்கத்தில் இருந்த தலைமை நர்ஸ் நெளிந்தார்.

“உங்க ஓனர் வரலையா?”

“நான்தான் ஓனர். கார்டுல போட்டிருக்கு.”

“ஓ… சரி, ரேட்டச் சொல்லுங்க” என்றவர், மறுபடி போன் அடிக்கவே எடுத்துச் சிரித்துப் பேச ஆரம்பித்தார்.

அந்தம்மா கோப்பையை நகர்த்தினார். கார்டில் வட்டமாகக் கறை. துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மேலாளர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார். போனைக் கவிழ்த்தார். “எங்க கிளம்பிட்டீங்க?”

“மெஷின் ரூமுக்கு. நோயாளிங்கள தூக்கிட்டுப் போறதப் பாத்துட்டுத்தான் வந்தேன், சரிபண்ணிக் குடுத்துடறேன். வருஷக் கான்ட்ராக்ட் மட்டும் வேணாம்.”

“ஒரு கார்டுக்காகவா மேடம்?”

“அது என் பேரு சார். என் பேர் மேல டீ வைக்கிற நீங்க, கயிறு தேஞ்சிருக்கு, லிஃப்ட நிறுத்துங்கன்னு நாளைக்கு நான் சொன்னா காதுல வாங்குவீங்களா?”

அந்தம்மா போய்விட்டார். மேலாளர் எரிச்சலோடு நர்ஸைப் பார்த்தார்.

நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார். “பழைய கம்பெனிக்காரரும் கயிறு தேஞ்சிருக்குன்னு சொல்லத்தான் ரெண்டு தடவ வந்தாரு சார். இதே நாற்காலிதான். நீங்க போன்ல இருந்தீங்க.”

அதற்கு மேல் மேலாளரால் உட்கார முடியவில்லை. மூச்சிரைக்க மாடியேறிப் போனார். மெஷின் ரூமில் அந்தம்மா கையெல்லாம் கிரீஸோடு குனிந்திருந்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா. மேனர்ஸ்ங்கிறது பகட்டுன்னு நெனச்சுட்டேன். எதிர்ல வர்ற ஆள மதிக்கலைன்னா, அவங்க சொல்ற ஆபத்தும் காதுல விழாதுன்னு இப்பத்தான் உறைக்குது.”

அந்தம்மா நிமிராமலே சொன்னார்: “கான்ட்ராக்ட அப்புறம் பாக்கலாம். ரெண்டு கயிறு பிரிஞ்சிருக்கு. எதெது மாத்தணும்னு சொல்றேன், கேளுங்க.”

“சொல்லுங்க” என்று மேலாளர் அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.