குடிலுக்குப் பஞ்சு

இரண்டாயிரத்து மூன்றாம் வருட டிசம்பரில் பெங்களூர் காக்ஸ் டவுனில் டோரதி வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா? மேல் வீட்டு யசோதா இன்னும் ஒரு படி போய், கொண்டுவந்த முறுக்குத் தட்டைக் கொடுக்கலாமா கூடாதா என்று வாசலிலேயே தயங்கி நின்றாள்.

யாரும் தவறவில்லை. குடிலின் கூரையில் பஞ்சு இல்லை, அவ்வளவுதான்.

டோரதியின் கணவன் பால்ராஜ் கோலார் தங்கவயல்காரன். வெண்பனியைக் கண்ணால் கண்டிராத பரம்பரை. ஆனாலும் வருடா வருடம் மெடிக்கல் ஷாப்பில் பஞ்சு உருளைகளை வாங்கி, வைக்கோல் கூரை மேல் பனியாகப் பிய்த்துப் பிய்த்துப் பரப்பினால்தான் அவனுக்குக் கிறிஸ்துமஸ் வந்த மாதிரி இருக்கும். அந்த வருடம் டோரதி கூடாது என்று சொல்லிவிட்டாள்.

"பெத்லகேம் இன்னா ரஷ்யாவிலயா கீது? அங்க ஏதுங்க ஸ்நோ? வீட்ல ஒரு கடல் சயின்டிஸ்ட்ட வெச்சுக்கினு இப்டி பஞ்சு ஒட்டினா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

பால்ராஜ் தலையை ஆட்டிவிட்டு வைக்கோலை மட்டும் பரப்பினான். பதினோரு வருடம் குடித்தனம் செய்தவனுக்குத் தெரியாதா, கோபம் பஞ்சு மேல் இல்லை, வட துருவத்தின் மேல் என்று.

டோரதி வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில் உலகத்துக் கடல் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் ஓட விட்டிருந்தார்கள். கடலும் அதன் மேல் உறையும் ஐஸும் சேர்ந்த மாடல் அது. இவர்களையும் சேர்த்து, உலகத்தில் இதே போல் மாடல் வைத்திருந்த எட்டுக் குழுக்கள் ஒன்றுகூடி ஓர் ஒப்பீட்டுக்கு இறங்கியிருந்தன. ஒரே அரிசி, ஒரே பருப்பை எட்டு வீட்டுக்குக் கொடுத்து சாம்பார் சாதம் செய்யச் சொல்வதைப் போலத்தான். காற்று, வெயில், வானத்திலிருந்து விழும் தண்ணீர் எல்லாம் எட்டுப் பேருக்கும் ஒரே அளவு. பிறகும் ருசி மாறினால் குற்றம் சமைத்தவருடையது.

பெங்களூர்ச் சமையலில் இந்தியப் பெருங்கடல் பிரமாதமாக வந்திருந்தது. வட துருவத்தில்தான் தீய்ந்துவிட்டது. மற்ற ஏழு மாடல்களிலும் கோடை முடியும் செப்டம்பரில் உச்சியில் ஒரு தொப்பி அளவுக்காவது ஐஸ் மிஞ்சியது. பெங்களூர் மாடலில் வருடா வருடம் துடைத்து வைத்தாற்போல் உருகிப் போனது. ஒப்பீட்டை நடத்தியவர்கள் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள், விரும்பினால் ஐஸ் பகுதியிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளலாம் என்று.

"ஜனவரி முதல் வாரம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்" என்றார் குழுத் தலைவி அலர்மேல்மங்கை. "அதுக்குள்ள ஐஸ் நிக்கலைன்னா விலகிடலாம் டோரதி. வெக்கப்பட ஒண்ணுமில்ல."

வெட்கப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லும்போதுதான் வெட்கமே வருகிறது. போன வருடம் ஒரு கூட்டத்தில் வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஐஸே இல்லாத ஊரில் உங்களுக்கு எதற்கு இந்த ஐஸ் மாடல் என்று கேட்டிருந்தார். நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார். டோரதியும் சிரித்து வைத்தாள். ஆனால் அந்தக் கேள்வி தொண்டையில் மீன் முள்ளாகத் தங்கிவிட்டது. இப்போது விலகினால், மூன்று வருட உழைப்பு போவது ஒரு பக்கம், அவர் கேட்டது சரி என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவளும், கூட வேலை செய்த துமகூர் மஞ்சுநாத்தும் செய்யாத வைத்தியம் இல்லை. ஐஸ் கறுப்பாக இருப்பதால் வெயிலை அதிகம் இழுக்கிறதோ என்று அதற்கு வெள்ளையடித்துப் பார்த்தார்கள். அதாவது, ஐஸ் திருப்பி அனுப்பும் வெயிலின் பங்கைக் கூட்டினார்கள். செப்டம்பரில் ஐஸ் நின்றது, மற்ற மாதமெல்லாம் கெட்டது. போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே வந்தது.

"மேடம், நீங்க ஐஸ் நோடிதீரா?" என்று கன்னடம் கலந்து கேட்டான் மஞ்சுநாத். "நான் ஜூஸ் கடையில பாத்ததுதான்."

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் பங்குக் கோவிலிலிருந்து குடில் போட்டிக் குழு வருவதாக இருந்தது. காலையில் டோரதி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முள் கரண்டியில் மாவை உருட்டிக் கல்கல் பலகாரம் செய்துகொண்டிருந்தாள். பால்ராஜ் ஸ்டூல் மேல் ஏறி, குடிலுக்கு மேல் தொங்கிய நட்சத்திரத்துக்குள் இருந்த பல்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"போன வருஷம் நாப்பது வாட்லயே பளிச்னு இருந்துச்சு டோரா. இப்ப நூறு போட்டும் குகை மாதிரி கீது" என்றவன் குடில் கூரையைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். "யம்மா, சுடுது. வர்ற வெளிச்சத்தையெல்லாம் இந்த வைக்கோலு முழுங்கிடுது. மேல பஞ்சு இருந்தா அப்டியே திருப்பி அடிக்கும்."

டோரதியின் கரண்டி நின்றது.

"இன்னொருவாட்டி சொல்லுங்க."

"கூரை சுடுதுன்னேன்."

"அதுக்கப்புறம்."

"பஞ்சு இருந்தா திருப்பி அடிக்கும்னேன். கோச்சுக்காத, நான் போடல."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குடிலையே வெறித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக ஐஸ் எவ்வளவு வெள்ளை என்றே பார்த்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் வட துருவத்து ஐஸ் அம்மணமாகவா கிடக்கிறது? குளிர்காலம் முழுவதும் விழுந்த வெண்பனி அதன் மேல் மெத்தையாகக் கிடக்குமே. கோடை பிறந்த பிறகும் வெகுநாள் வெயிலைத் திருப்பி அடிப்பது அதுதானே. அப்படியென்றால் நம் மாடலில் அந்தப் பஞ்சு எங்கே?

அதைப் பார்த்ததாக அவளுக்கு நினைவே இல்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"கல்கல்?" என்றான் பால்ராஜ்.

"நீங்க உருட்டுங்க."

ஆபீசில் மஞ்சுநாத் மட்டும் இருந்தான். ஐஸ் மேல் கிடக்கும் பனி எவ்வளவு கனம் என்று ஒரு வரைபடம் போடச் சொன்னாள். திரையில் வெறும் உலக வரைபடம் வந்தது, ஒரு புள்ளி நிறம் இல்லாமல்.

"பிளாட் ஆகல மேடம். இருங்க, இன்னொருவாட்டி போடறேன்."

மறுபடியும் அதே மொட்டை உலகம். எண்களைத் திறந்து பார்த்தார்கள். வடக்கிலிருந்து தெற்கு வரை, முதல் வருடத்திலிருந்து கடைசி வருடம் வரை, எல்லாம் பூஜ்யம். பெங்களூர்க் கடல்களின் மேல் நகக்கண் அளவு பனிகூட எந்நாளும் விழுந்ததில்லை.

எப்படி என்று தேடப் போனால் விஷயம் கையிலேயே இருந்தது. ஒப்பீட்டுக்காரர்கள் மழையைத் தனியாகவும் பனியைத் தனியாகவும்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் பெங்களூர் மாடல் ஆதியில் வங்காள விரிகுடாவுக்காக, பருவமழையைப் பார்ப்பதற்காக எழுதியது. வானத்திலிருந்து விழுவதை வாங்கிக்கொள்ள அதற்கு ஒரே ஒரு வாய்தான். இரண்டு வந்திருக்கிறதே, என்ன செய்வது என்று மஞ்சுநாத் அப்போதே கேட்டான். டீ குடித்துக்கொண்டிருந்த டோரதி, "ரெண்டும் தண்ணி தானே, கூட்டிடு" என்றாள். அலர்மேல்மங்கையும் பார்த்துவிட்டுச் சரி என்றார். வேலூருக்கும் துமகூருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் யாருக்கும் அதில் ஒன்றும் உறுத்தவில்லை. வானத்திலிருந்து விழுந்தால் அது மழைதானே.

அலர்மேல்மங்கைக்குப் போன் செய்து சொன்னாள்.  அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பில் டோரதி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மைனஸ் நாப்பது டிகிரியில, ஜனவரி மாசம், நார்த் போல்ல அடைமழை" என்றார் அலர்மேல்மங்கை, மூச்சு வாங்க. "நம்ம மூணு பேரும் படிச்சவங்கன்னு வெளிய சொல்லிக்காத. சரி பண்ணி உடனே ஓட விடு."

பனிக்குத் தனி வாய் திறந்தார்கள். ஐஸுக்கு அடித்திருந்த வெள்ளையைச் சுரண்டி எடுத்தார்கள். புது ஓட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று மஞ்சுநாத் கேட்டபோது, டோரதி யோசிக்காமல் 'பஞ்சு' என்று தட்டினாள். திரும்பும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் இருந்த பஞ்சு உருளை அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கடைக்காரர் யாருக்கு அடிபட்டது என்று விசாரித்தார்.

போட்டிக் குழு வந்தபோது புருஷனும் பெண்டாட்டியுமாகக் கூரைக்குப் பஞ்சு பரப்பிக்கொண்டிருந்தார்கள். குழுவின் தலைவர் ஓஸ்வால்ட் சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சயின்ஸ்படி பஞ்சு தப்புன்னு சொன்னதா கேள்விப்பட்டேனே டோரதி?"

"சயின்ஸ் இன்னிக்குக் காலையில மாறிடுச்சு சார்."

நாற்பது வாட்டிலேயே குடில் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் பரிசு கிடைத்தது. உருட்டின கல்கல்தான் ஆளுக்கொரு அளவில் வந்திருந்தது.

விடுமுறை நாளெல்லாம் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. புது வருடம் பிறந்து வேலைக்குத் திரும்பிய அன்று டோரதி செப்டம்பர் வரைபடத்தைத் திறந்தாள். உச்சியில் ஐஸ் நின்றது. அடுத்த வருடத்துச் செப்டம்பரிலும் நின்றது, அதற்கடுத்த வருடமும். எட்டு மாடல்களின் கோடுகளை ஒன்றாகப் போட்டபோது பெங்களூர்க் கோடு ஐந்தாவதாக, நல்ல பிள்ளையாக மற்றவற்றின் நடுவில் போனது. டோரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் மார்க் வாங்கினபோதுகூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மஞ்சுநாத் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டு, ஆகாத வேலையாக பிரிண்டருக்குத் தாள் வைத்தான்.

அந்த வாரமே எட்டுக் குழுவும் தொலைபேசியில் கூடிப் பேசின. முன்பு கேள்வி கேட்ட அதே வெளிநாட்டுக்காரர்தான் பேச்சை நடத்தினார். பெங்களூர் முடிவைப் பாராட்டிவிட்டு, ஓட்டத்தின் பெயரைத் தட்டுத் தடுமாறிப் படித்தார். பஞ்சு என்பவர் உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த விஞ்ஞானியா என்று கேட்டார். அலர்மேல்மங்கை வாயைப் பொத்திக்கொண்டு டோரதியைக் கை காட்டினார்.

டோரதி ஒன்றையும் மறைக்கவில்லை. மழை, டீ, கூட்டல், குடில், பல்பு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னாள். ஏழு திசையிலிருந்தும் சிரிப்பு வந்தது. அது அடங்கியதும் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"எங்கள் ஊரில் ஐஸ் இல்லை. அதனால்தான் தப்பு செய்தோம். எங்கள் ஊரில் பஞ்சு உண்டு. அதனால் கண்டுபிடித்தோம்."

அந்த மனிதர், நன்றி டோரதி என்றார். மீன் முள் இறங்கிவிட்டது.

வீட்டில் பால்ராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"பஞ்சு பேரு போட்டுட்ட. பல்பு மாட்டி கை சுட்டவன் பேரு?"

நியாயம்தான். கட்டுரை அச்சாகி வந்தபோது நன்றி கூறும் பகுதியில், எட்டு நாட்டு நிறுவனங்களுக்கும் கீழே, நூறு வாட் பல்புக்காக தி. பால்ராஜ் என்று ஒரு வரி இருந்தது. அவன் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, அடுத்து வந்த கிறிஸ்துமஸில் குடிலுக்குள் மூன்று ராஜாக்களுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தான். சம்பந்தமில்லாத பொருள் என்று ஓஸ்வால்ட் சார் மார்க்கைக் குறைத்தார். பால்ராஜ் அதை எடுக்க மறுத்துவிட்டான்.