நிமிர்த்தி வைத்த ஷிராஸ்

மாமனார் ரெக்ஸ் சமையலறைக்குள் வந்தவர், அலமாரியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அந்த பாட்டில் எப்போலேருந்துடா இப்படி நிக்குது?"

"மர்னி வெச்சதுலேருந்து."

"ரெண்டு வருஷமாவா? கார்க் காஞ்சு போயிருக்கும்."

தெரியும். ஒயினுக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவின் பரோசாவில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். கார்க் காயாமலிருக்கப் பழைய ஒயினைப் படுக்க வைக்க வேண்டும். குடிப்பதற்கு முதல் நாள்தான், வண்டல் அடியில் இறங்கட்டும் என்று நிமிர்த்துவோம். எங்கள் திருமண நாளுக்காக என் மனைவி மர்னி நிமிர்த்தி வைத்தாள். அன்று வேலையிலிருந்து அவள் திரும்பவில்லை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி. அவள் வைத்ததை நான் தொடவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஷிராஸ் திராட்சையில் செய்த சிவப்பு ஒயின் அது. முதலில் வறட்சி, பிறகு காட்டுத்தீ, அறுவடை நேரத்தில் வெள்ளம். அழுகாத திராட்சைக் குலைகளைத் தேடி ரெக்ஸ் சேற்றில் நின்ற வாரம் மர்னி பிறந்தாள். குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை அதற்கென்று எடுத்து வைப்பது எங்கள் பழக்கம். அவளுக்கு ரெக்ஸ் ஒரு பெட்டி ஒயின் வைத்தார். அந்த ஆண்டு கொஞ்சமே செய்ததால் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். எங்களிடம் இது கடைசி.

இதற்கு முந்தையதை அவளுடைய பிறந்தநாளில் பின்வாசல் படியில் உட்கார்ந்து குடித்தோம். "என்னைவிட இதுக்கு நல்லா வயசாகுது," என்றாள்.

சனிக்கிழமை ஒயின் ஆலையில் ஊராரின் பழைய பாட்டில்களுக்குக் கார்க் மாற்றினார்கள். ரெக்ஸ் வண்டியை ஓட்ட, பாட்டிலை மடியில் நிமிர்த்தியே பிடித்திருந்தேன். கூடத்தில் ஆளுக்கொரு பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"உங்க குழந்தைக்கு என்ன?" என்றாள் பக்கத்து நாற்காலிக் கிழவி, பாட்டிலைப் பார்த்து.

"தாகம். அளவு இறங்கிப்போச்சு," என்றார் ரெக்ஸ்.

"என்னுது கசியுது. என்னை மாதிரியே."

ஒயின் செய்யும் ஜோசி கார்க்கைத் திருகினாள். பாதி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தாள். வழக்கப்படி எங்களுக்கும் ஒரு வாய் ஊற்றினாள். பதனிட்ட தோலின் வாசனை, உலர்ந்த பிளம், கடைசியில் லேசாகப் புகை. இரண்டு வருடமாக எதற்கும் ருசி தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உயிர் இருக்கு, ஆனா களைச்சுப்போச்சு," என்றாள் ஜோசி. "குறைஞ்ச அளவுக்குப் புது ஒயின் ஊத்தி மூடிடறேன். சில வருஷம் தாங்கும்."

"ஊத்தலேன்னா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கே குடிச்சிடணும்."

அவள் புது ஒயினைச் சாய்க்கப் போனாள். நான் பாட்டிலின் வாயைக் கையால் மூடினேன்.

"டேய், இதான் கடைசி," என்றார் ரெக்ஸ். "அவளோடதுன்னு வேற என்ன இருக்கு என்கிட்ட?"

"அவ இதைக் குடிக்கத்தான் நிமிர்த்தி வெச்சா, ரெக்ஸ்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு ஜோசியிடம், "சும்மா ஒரு கார்க் குடும்மா. வீடு போற வரைக்கும்," என்றார்.

சாயங்காலம் பின்வாசல் படியில் உட்கார்ந்தோம். ரெக்ஸ் பன்றி சாசேஜைப் பேனாக்கத்தியால் நறுக்கினார்.

"எண்பத்து மூணை மோசமான வருஷம்னு எல்லாரும் சொன்னானுங்க," என்றார். "எனக்கு அப்படித் தோணவே இல்லடா."

நான் ஊற்றினேன். இரண்டு வருடம் நின்றதில் வண்டல் அடியில் கெட்டியாகப் படிந்திருந்தது. கடைசித் துளிவரை ஒயின் தெளிவாக வந்தது.