பழைய பேக்கிங்

வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருவதுதான் அவனுக்கு வேலை. அதனால் அந்த வட்டாரத்தில் அவனுக்கு ரத்தக்காரன் என்றே பெயர். அவன் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பினால் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். வயதானவர்களோ அவனுக்காகவே காத்திருப்பார்கள். "மத்தவங்க நரம்பு கிடைக்கலைன்னு நாலு தடவ குத்துறாங்கப்பா. உனக்கு மட்டும் எப்படித்தான் ஒரே குத்துல வருதோ" என்பார்கள். கை ராசி அப்படி. வண்டி ராசிதான் அப்படி இல்லை.

பதினெட்டு வருஷத்து வண்டி. இன்ஜின் ஆயிலைக் குடித்துக் குடித்து, கொசு மருந்து அடிக்கிற வண்டி மாதிரிப் பின்னால் புகை விட்டது. ஒருநாள் லேப் மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "சொந்த வண்டி இருக்கணும்கிறதுதான் இந்த வேலைக்கு நிபந்தனை. ஆஸ்துமா உள்ளவங்க வீட்டு வாசல்ல போய் இப்படிப் புகை விட்டா நான் என்ன பதில் சொல்ல? ஒரு வாரம் லீவு எடுத்துக்குங்க. சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா உங்க ஏரியாவை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

மெக்கானிக் கேட்ட கூலி அவன் சக்திக்கு மீறியது. இன்ஜினுக்குள் தேய்ந்துபோன பிஸ்டன் ரிங்கை மாற்றினால் புகை நின்றுவிடும், அதைத் தானே செய்துவிடலாம் என்று நினைத்தான். இளவட்டமாக இருந்தபோது ஒரு ஒர்க்ஷாப்பில் எட்டு மாதம் வேலை பார்த்தவன்தான். ரிங் கிடைத்துவிட்டது. பேக்கிங்தான் கிடைக்கவில்லை. இன்ஜினின் இரண்டு பாகம் சேரும் இடத்தில், ஆயில் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் மெல்லிய தகடும் தாளும்தான் பேக்கிங்.

"இந்த மாடலுக்கா? இதைச் செஞ்ச கம்பெனியே மறந்திருக்கும்" என்றார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். "ஆர்டர் போட்டா இருபது நாள் ஆகும். முழு செட்டாதான் வாங்கணும்."

"வேற வண்டியோடது ஒத்து வருமா?"

"என் பல்செட் உனக்கு ஒத்து வருமா?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து மனம் இளகினார். "பழசையே கிழியாம எடு. கசிவை அடைக்கிற பேஸ்ட் தடவித் திரும்பப் போடு. பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கான்."

அவன் மனைவி பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. மாடிப்படிக்குக் கீழே பழைய படுதாவை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். இன்ஜினின் மேல்பாகத்தைக் கழற்றினான். அதிலிருந்த தகடு சேதமில்லாமல் வந்துவிட்டது. அதற்கும் கீழே, சிலிண்டருக்கு அடியில் இருந்த தாள் பேக்கிங்தான் இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தது. பிளேடை வைத்து நெம்பப் போனான்.

"அய்யய்யோ, விடுங்க" என்று அவன் கையைப் பிடித்தாள். "ரத்தம் எடுக்கும்போது இருக்கிற பொறுமை இதுல எங்க போச்சு? கேக்குக்கு அடியில ஒட்டுற தாளை நான் ஒரு நாளைக்கு எத்தனை உரிக்கிறேன். தள்ளுங்க."

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒரு சின்னக் கிழிசல்கூட இல்லாமல் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தாள். அவன் ரிங்கை மாட்டி முடித்ததும் பேஸ்ட் ட்யூபையும் அவளே வாங்கிக்கொண்டாள். பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதுகிற கைக்கு அதெல்லாம் ஒரு வேலையா? தாளின் இரண்டு பக்கமும் ஒரே சீராகக் கோடு இழுத்தாள்.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் போடு. கசிஞ்சா மறுபடி மொத்தத்தையும் பிரிக்கணும். தாராளமா போடு."

தாராளமாகவே போட்டாள்.

மறுநாள் ஸ்டார்ட் செய்தபோது புகை இல்லை. ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியவில்லை. மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "புது வண்டியா?" என்றார். அவளைப் பின்னால் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

எட்டு நாள் வண்டி பூப்போல ஓடியது. ஒன்பதாம் நாள் இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து டக்டக் என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது, உள்ள யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கு?"

"புது ரிங்குல்ல. செட் ஆகுது" என்றான். அவனும் அப்படித்தான் நம்பினான்.

பன்னிரண்டாம் நாள் காலையில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எட்டு மாதக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல். குழந்தையின் கை பஞ்சு மாதிரி இருந்தது, நரம்பே தெரியவில்லை. ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் ஐந்து இடத்தில் குத்திப் பார்த்து விட்டிருந்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவித் தேடி, ஒரே குத்தில் எடுத்தான். குழந்தையின் அம்மா அழுதுவிட்டாள். "இதோட போதும்ல அண்ணா? மறுபடி குத்த வேண்டாம்ல?"

"வேண்டாம்மா. இதே போதும்."

பாதி வழியில், வெட்டவெளிச் சாலையில், இன்ஜின் கிறீச்சென்று அலறி நின்றது. கிக்கர் அசையவே இல்லை. ஐஸ் பெட்டியில் ஒன்பது பேருடைய ரத்தம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. லேபுக்குப் போன் செய்தான். அனுப்ப ஆள் இல்லை என்றார்கள். கை காட்டினான். ஒரு வண்டியும் நிற்கவில்லை. வண்டியை அப்படியே ஓரத்தில் விட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தான். வெகுதூரம் ஓடிய பிறகுதான் ஒரு பால் வேன் நின்றது.

லேபில் டெக்னீஷியன் குழந்தையின் ட்யூபை மெஷினில் சுற்றி எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் சிவப்பாக நின்றது.

"ரத்தம் உடைஞ்சு போச்சு. ரொம்பக் குலுங்கியிருக்கு. ஓடினீங்களா?"

"ஓடினேன்."

"பெரியவங்களோடதுல அஞ்சு பரவாயில்ல. மீதி மூணையும் இதையும் திரும்ப எடுக்கணும்."

மறுநாள் இரண்டு பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அவன் தோளில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கும் ஒரே குத்தில் எடுத்துவிட்டான்.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்த அன்று மனைவியும் பேக்கரியில் அனுமதி கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் சட்டைக் கைமடிப்பில் கேக் கிரீம் காய்ந்திருந்தது. மெக்கானிக் தாள் பேக்கிங்கை உயர்த்திக் காட்டினார். "இது பழசுன்னாலும் தாங்கியிருக்கு. இதுமேல தப்பே இல்ல." பிறகு சிலிண்டர் ஓரத்தில் மிளகளவு இருந்த ஒரு துளையைக் காட்டினார். "ஆயில் இது வழியாத்தான் மேல ஏறணும்." அதற்குள் மெல்லிய கம்பியை விட்டு இழுத்தார். பேஸ்ட் ரப்பராக இறுகி, புழு மாதிரி நீளமாக வெளியே வந்தது. "உபரியாப் போட்டது பிதுங்கி உள்ள போய் அடைச்சிருக்கு. சொட்டுச் சொட்டா ஏறிக்கிட்டிருந்து, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. மேல எல்லாம் வறண்டு தேய்ஞ்சு ஒண்ணோட ஒண்ணு கடிச்சுப் பிடிச்சிருக்கு. மேல்பாகம், இந்த ஹெட்டு, முழுசாப் போச்சு. யாரு தடவினது? பாக்க என்னவோ அழகாத்தான் தடவியிருக்கு."

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நான்தான்."

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் கேட்டாள். "எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"நான்தானே தாராளமா போடச் சொன்னேன்."

"துளை இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஸ்க்ரூ போடுற துளைன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"அது ஆயில் துளைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எட்டு மாசம் வேலை பாத்தவன்னு பேரு."



மேனேஜர் அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை. லேபைச் சுற்றி நடந்து போகக்கூடிய நாலு தெருவை மட்டும் கொடுத்தார். ஊருக்கு வெளியே இருந்த வீடுகள் புதிதாக வந்த ஒருவருக்குப் போயின. பழைய வீடுகளிலிருந்து போன் வந்தபடி இருந்தது. ஏன் வருவதில்லை என்று கேட்டார்கள். வண்டி இல்லை என்றான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தபோது அந்தக் குழந்தையின் அம்மா கூப்பிட்டாள். பின்னால் வீறிட்ட அழுகை.

"அண்ணா, மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லிட்டாங்க. வேற ஒருத்தர் வந்திருக்கார். ரெண்டு தடவ குத்திட்டார், வரல. எங்க குத்தணும்னு நீங்க சொல்லுங்கண்ணா. ஸ்பீக்கர்ல போடுறேன்."

அவன் எழுந்து நின்றுவிட்டான். "சார், இடது கை. முழங்கை மடிப்புல வெளிப்பக்கமா. கண்ணுக்குத் தெரியாது, விரலை வச்சு அழுத்தாம தடவிப் பாருங்க. நூல் மாதிரி தட்டுப்படும்."

"ஒண்ணும் தட்டுப்படலயே சார்."

"இன்னும் கொஞ்சம் வெளிய வாங்க. மெதுவா. அவசரப்படாதீங்க."

"இங்கயா?"

அவனுக்கு எப்படித் தெரியும்? தன் விரலைத் தன் முழங்கையிலேயே வைத்துத் தேடிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கை கழுவாமல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். குழந்தையின் அழுகை ஒரு கணம் நின்றது. பிறகு முன்பைவிடப் பெரிதாக எழுந்தது. யாரோ ஏதோ சொன்னார்கள். போன் கீழே விழுந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு, இணைப்பு அறுந்தது.

திரும்ப அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது. நாலாவது தடவை, காலில் எடுத்தார்களாம். நன்றி என்றும் எழுதியிருந்தாள். அவன் போனை மனைவியிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இருவர் தட்டிலும் சோறு ஆறிப்போயிருந்தது.