கடைசிப் படத்துக்குக் கலர்

“அப்பாவோட ஒரு போட்டோ கூடவாம்மா இல்ல?” ராஜ்கமல் கம்ப்யூட்டரைக் குடைந்துகொண்டிருந்தான். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் பலராமன் படுத்திருந்தார். பேனர் கடையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது.

எங்கிருந்து இருக்கும்? பகலெல்லாம் உழவர்கரையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவார். பொழுது சாய்ந்தால் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கனகசெட்டிக்குளம் கடற்கரைக்குப் போய்விடுவார். எடுத்த படமெல்லாம் வானம்தான்; நட்சத்திரங்களும், நெபுலா என்கிற விண்மேகங்களும்.

“என் போன்ல ஒண்ணு இருக்கு, அனுப்பறேன் தம்பி,” என்றார் தேவதாஸ். கூடவே வானம் பார்க்கப் போகிறவர். திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “இதான் கடைசியா எடுத்த நெபுலாவா? இன்னும் கறுப்பு வெள்ளையாவே கெடக்கே. கலர் போடுறதுல பலராமன அடிச்சிக்க ஆளில்ல. நானே போட்டுடறேன் தங்கச்சி, பேனர்ல வச்சிடலாம்.”

கார்குழலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பலராமன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் பச்சைப் புடவை கேட்டவளுக்குச் சிவப்பை வாங்கிவந்து மாட்டிக்கொண்டார். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் அவளைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, மவுஸை நகர்த்தி நகர்த்தி, “போதுமா குழலி?” என்பார். “இன்னும் கொஞ்சம்,” என்பாள் அவள். ஊர் மெச்சிய கலரெல்லாம் அவள் பார்த்துச் சொன்னதுதான்.

இந்தப் படத்துக்கும் மூன்று நாளாகக் கூப்பிட்டார். “செத்த வந்து ஒக்காரேன்.”

“வேற வேல இல்ல உங்களுக்கு? நாளைக்குப் பாக்கலாம்.”

மூன்று நாளும் அதையேதான் சொன்னாள். இப்போது அவர் ஒருமுறை கூப்பிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு ஓடிவருவாள்.

“வேணாண்ணே. அதுல யாரும் கை வைக்காதீங்க,” என்றாள். “ரெண்டு பேரும் செத்த வெளிய இருங்க.”

வெளியே மேளம் அடிக்கத் தொடங்கியது. நாத்தனார் ராஜாம்பாள் வாசற்படியில் வந்து நின்றாள். “அண்ணி, எடுக்கப் போறாங்க, வாங்க.”

“தோ வந்துட்டேன்.”

அவர் நாற்காலியில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. தன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து எட்டி மவுஸைப் பிடித்தாள். எதை நகர்த்தினால் சிவப்பு ஏறும் என்று பார்த்துப் பார்த்தே பழகியிருந்தது. சாம்பல் நிறத்துக்குள்ளிருந்து மெல்லச் சிவப்பு எழுந்து வந்தது.

பக்கத்து நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

“போதுமா?”