இப்ப தண்ணி ஊத்தப் போறேன்

எனக்கு வாய் அதிகம். எங்கள் ஊர் நாசரேத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயிலில் பாதிரி ஐயர் ஜெபம் பண்ணும்போதுகூடப் பக்கத்தில் இருக்கிறவளிடம் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அம்மா என் தொடையில் கிள்ளுவாள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டுவந்து சிகந்தராபாத் பக்கம் குஷாய்குடாவில் கம்பெனி குவார்ட்டர்ஸில் போட்டால் என்ன ஆகும்? இந்தப் பக்கத்து வீட்டில் தெலுங்கு, அந்தப் பக்கத்து வீட்டில் ஹிந்தி. என் வீட்டுக்காரர் தனசிங்கோ பேச்சே இல்லாத மனுஷன். கம்பெனியில் பகல் முழுக்க ஏதேதோ பெட்டிகளுக்குக் கம்பி பற்றவைத்துவிட்டு வருவார். சோறு தின்றுவிட்டுப் பேப்பரை விரித்தால் அப்புறம் முகம் தெரியாது. "குழம்புல உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ம்" என்பார். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு உப்பு கூடவா, குறைவா என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் பேசினதெல்லாம் ஐவியிடம்தான்.

ஐவி என் மகள். ஒரே மகள். அப்போது எட்டு வயது. அவள் பதில் சொல்ல மாட்டாள். கூப்பிட்டால் முகத்தைப் பார்க்க மாட்டாள். தட்டில் குழம்பு தனியாக, சோறு தனியாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் அந்த வேளை பட்டினிதான். பள்ளிக்கூடத்துக்குத் தினம் போகிற தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள். எழுத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் அழகாக எழுதுவாள். அதையே மறுநாள் வாசிக்கச் சொன்னால் முன்பின் பார்த்திராதவள்போல் முழிப்பாள். இதற்கு என்ன பேர் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. திருமுல்கேரியில் ஒரு டாக்டர் "கொஞ்சம் ஸ்லோ" என்றார். அதைச் சொல்வதற்கு எதற்கு டாக்டருக்குப் படிக்க வேண்டும்?

எனக்கு அவள் பதில் சொல்லாததுபற்றி அப்போது பெரிய குறை இல்லை. காது இருக்கிறதே, அது போதும் என்று பேசிக்கொண்டே இருப்பேன். குளிப்பாட்டும்போது, "ஏட்டி ஐவி, இப்ப தண்ணி ஊத்தப் போறேன், கண்ண மூடிக்கோ. ஒண்ணுஞ் செய்யாது" என்பேன். தலை வாரும்போது, "இப்ப சீப்பு வருது பாரு, சிக்கு கெடக்கு, கொஞ்சம் வலிக்கும், கத்திராத." ஷிப்ட் முடிகிற நேரத்தில், "இப்ப கம்பெனி சைரன் அடிக்கப் போவுது, காதப் பொத்திக்கோ." இதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவளும் கண்ணை மூடிக்கொள்வாள், காதைப் பொத்திக்கொள்வாள், தலையைக் காட்டுவாள்.

ஜனதா ஆட்சி நடந்துகொண்டிருந்த சமயம். ஐவி இரண்டாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தி ஹெட்மிஸ்ட்ரெஸ் எங்களை வரச் சொன்னாள். கல்பகம் என்று பேர். வெள்ளைக்காரன் காலத்திலேயே சிகந்தராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். இருந்தாலும் எங்களிடம் இங்கிலீஷில்தான் ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, காது கேளாதவளிடம் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"ஸ்கூல்ல இங்கிலீஷ். வெளில தெலுங்கு, ஹிந்தி. ஆத்துல தமிழ். பாவம், குழந்தை தலைக்குள்ள ஒரே குழப்பம். அதான் வாயே திறக்க மாட்டேங்கறது. நீங்க தமிழை நிறுத்திடுங்கோ. ஆத்துல இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்."

"எனக்கு இங்கிலீஷ் வராதே டீச்சர்."

"தெரிஞ்ச வரைக்கும் பேசுங்கோ. தெரியாதப்போ சும்மா இருங்கோ."

சும்மா இருக்க வேண்டுமாம்! இவள் வீட்டில் ரசம் வேண்டும் என்றால் எந்தப் பாஷையில் கேட்பாளாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஆண்டுப் பரீட்சைல நானே கேள்வி கேப்பேன். வாயைத் திறந்து பதில் சொல்லணும். இல்லேன்னா அடுத்த வருஷம் என்னால வச்சுக்க முடியாது."

என் கோபமெல்லாம் அங்கேயே அடங்கிவிட்டது. வேறு பள்ளிக்கூடத்துக்கு நான் எங்கே போவேன்? நாச்சாரம் பக்கம் ஒன்றில் முன்னமே கேட்டுப் பார்த்தாயிற்று. இந்த மாதிரிப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் ஐவி காலமெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வீட்டில்தான்.

வெளியே வந்ததும், "என்ன சொல்லுதிய நீங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அவங்க படிச்சவங்க, ஜெயா. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசின பெரிய பேச்சு அதுதான்.

அன்றைக்கே நிறுத்தினேன். "கம்." "ஈட்." "பாத்." "ஸ்லீப்." நாய்க்குட்டி வளர்க்கிறவர்கள்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார்கள். மறுநாள் காலையில் குளியலறையில் செம்பை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். 'இப்ப தண்ணி ஊத்தப் போறேன்' என்பதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். ஐவி போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ருக்மிணி ஓடிவந்துவிட்டாள். அவளும் தமிழ்தான், ஆனால் இந்த ஊரிலேயே பிறந்தவள். ஏன் என்பதற்குக் 'கைக்கு', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று இந்த ஊர் ஹிந்தியைக் கலந்துதான் பேசுவாள்.

"கைக்கு ஜெயா இப்படிக் கத்துறா? அடிச்சியா?"

"இல்ல, குளிப்பாட்டுனேன்."

"நக்கோ நக்கோ, இங்க வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாத. ஊருக்கு அனுப்பிடு, உங்க அம்மா பாத்துக்கட்டும்."

மேற்கொண்டு அவளை உள்ளே விடவில்லை. கதவைச் சாத்திவிட்டேன். என் பிள்ளையை எங்கே அனுப்புவது என்று இவளிடமா கேட்டேன்?

அப்புறம் தினமும் கூச்சல்தான். சீப்பை எடுத்தால் கூச்சல். சைரன் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் முடங்கிக்கொள்வாள், இழுத்தாலும் வரமாட்டாள். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கல்பகம் சொல்லி அனுப்பினாள். சரியாகவில்லை. கத்தி ஓய்ந்தபிறகு ஐவி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். இங்கிலீஷ் பாடம் சொல்லிப் பார்க்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். நான் ஒரு மடச்சி.

எங்கள் வீட்டில் அப்போது அதிகம் பேசியது பிரஷர் குக்கர்தான். நான் துணி துவைக்கப் பின்பக்கம் போனால் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொள்வேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. "ஏன்வே இவ்வளவு அழுக்கு?" என்று தனசிங்கின் சட்டையைத் திட்டுவேன். ஐவியின் யூனிஃபார்ம் பாவாடையிடம், "என்னட்டி, இன்னைக்கு ஸ்கூல்ல யாரும் உன்னைக் கிண்டல் பண்ணாளுவளா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு அழுவேன். பேச ஆள் இல்லை என்பதற்காக மட்டும் அழவில்லை. நான் வாயை மூடியது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லையே என்று அழுதேன். ஒரு தடவையாவது 'அம்மா ஏன் பேச மாட்டேங்க?' என்கிற மாதிரி என்னை ஏறிட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் நான் சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தேனோ என்று நினைக்க நினைக்க நெஞ்சு வலித்தது.

பரீட்சை நாள் வந்தது. மத்தியானம் நான் வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றேன். வீட்டுக்காரருக்கு ஷிப்ட். உள்ளே ஒரு மேஜை. அந்தப் பக்கம் கல்பகம், இந்தப் பக்கம் என் பிள்ளை. நாற்காலியில் கால் தரையைத் தொடவில்லை.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள் கல்பகம்.

ஐவி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது.

"வாட்? கொஞ்சம் சத்தமா!"

ஐவி சத்தமாகச் சொன்னாள். "ஏட்டி ஐவி, இப்ப தண்ணி ஊத்தப் போறேன், கண்ண மூடிக்கோ. ஒண்ணுஞ் செய்யாது."

என் குரல். என் நாசரேத்து இழுப்பு. அச்சு அசல் நான்.

அந்த அறையில் தண்ணியும் இல்லை, செம்பும் இல்லை. என்ன வரப்போகிறது என்று சொல்ல யாரும் இல்லாததால் பிள்ளை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். கிறிஸ்துமஸிலிருந்து சுவரைப் பார்த்து அவள் சொன்ன பாடம் இதுதான். நான் குழாயடியில் துணியோடு பேசினேன், அவள் உள்ளே சுவரோடு பேசினாள். ஒரே வீட்டில், ஒரே பேச்சை, ஆளுக்கொரு மூலையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். ஐயோ என் பிள்ளையே!

பரீட்சையாவது மண்ணாவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"ஏட்டி ஐவி! அம்மா இங்கதான் நிக்கேன். இப்ப டீச்சர் கேள்வி கேப்பாங்க. உன் பேரு என்னன்னு கேப்பாங்க. நீ சொல்லணும். சொன்னதும் முடிஞ்சிரும். ஒண்ணுஞ் செய்யாது."

"மிஸஸ் தனசிங்!" என்று கல்பகம் எழுந்தேவிட்டாள். நான் நகரவில்லை. அவள் என்னை முறைத்தாள், பிறகு ஐவியைப் பார்த்தாள். ஐவி கண்ணைத் திறந்திருந்தாள். கல்பகம் உட்கார்ந்து அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

"மை நேம் இஸ் ஐவி" என்று மேஜையைப் பார்த்துச் சொன்னாள் என் மகள்.

அடுத்ததற்கும் நான் வாயெடுத்தேன். கல்பகம் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். தொலைந்தது என்று நினைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்து, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாள்.

"ஐவி, இப்ப நான் இன்னொரு கேள்வி கேக்கப் போறேன். பசு மாட்டுக்கு எத்தனை கால்னு கேப்பேன். ஒண்ணும் பண்ணாது."

கேட்டாள். "ஃபோர்" என்றாள் ஐவி.

அதற்குப் பிறகு புத்தகத்தை விரித்து வாசிக்கச் சொன்னபோது ஒரு எழுத்தும் வரவில்லை. பக்கத்தின் ஓரத்தை மடித்து மடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கல்பகம் வெளியே வந்தாள். "ரீடிங் வரலை. மூணாம் கிளாசுக்கு அனுப்ப முடியாது. ரெண்டாம் கிளாஸ்லயே இருக்கட்டும்" என்றாள். கழற்றின கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நான் வச்சுக்கறேன்" என்றாள்.

"டீச்சர், இனிமே வீட்டுல நான் தமிழ்லதான் பேசுவேன்."

"பேசுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும். நான் பட்ட கஷ்டத்துக்கு அது காணாது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் பேசினேன். அவளுடைய பை ஒரு கையில், டிபன் கேரியர் ஒரு கையில். "இப்ப ரோட்டைத் தாண்டப் போறோம், லாரி வருது, நில்லு. அந்தா அந்த மாட்டைப் பாரு, நாலு காலு இருக்கான்னு எண்ணிக்கோ. ராத்திரி உனக்குக் குழம்பு தனியா வைப்பேன், பயப்படாத." வழக்கம்போல் அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பெனி மதில் ஓரமாகச் செங்கலைத் தடவிக்கொண்டே வந்தாள். வச்சுக்கிறேன் என்று ஒருத்தி சொன்னதால் இந்தப் பிள்ளை மாறிவிடுமா? நாளைக்கும் நான்தான் பேசவேண்டும். மறுநாளும் நான்தான். பரவாயில்லை, பேசுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஐவி நின்றுவிட்டாள். "வாட்டி, இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன். வரவில்லை. தன் காதை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். மதிலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அம்மா, இப்ப சைரன் அடிக்கப் போவுது. காதப் பொத்திக்கோ."

அதுவரை அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

நான் அசையாமல் நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. முகத்தைத் திருப்பி என் கைகளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணுஞ் செய்யாது" என்றாள்.

பையையும் கேரியரையும் ரோட்டிலேயே போட்டுவிட்டு, ரெண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன்.