ஞானப்பூப் பாட்டியின் வசனப் பை

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஞானப்பூப் பாட்டியைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஜெபத்தில் ஆரம்பித்து ஜெபத்தில்தான் முடிப்பார்கள். விடிகாலை நாலரைக்கு முழங்காலில் நின்றால், பால் பாக்கெட் வரும்வரை எழுந்திருக்க மாட்டாள். எல்லாம் வாஸ்தவம்தான். அவள் பெரிய தில்லுமுல்லுக்காரி என்பதும் அதே அளவு வாஸ்தவம். அது தனக்கு மட்டுமே தெரியும் என்பது பேத்தி நிஷாவின் எண்ணம்.

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் பாட்டி ஊதா வெல்வெட் பையோடு வீடு வீடாகக் கிளம்புவாள். கண்ணை மூடி, பைக்குள் கையை விட்டு ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தரும் வாக்கு. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்பக்கத்தில் அவளே கைப்பட எழுதிய அட்டைகள். பத்திரிகை சப்ளை எதிர்வீட்டுச் சுந்தரவல்லி மாமி என்பதால், பாதி அட்டைகளின் மூலையில் மஞ்சள் இருக்கும்.

பையில் இரண்டு அறை. முன்னறையில் எல்லா வசனமும் கலந்து கிடக்கும். பின்னறையில் போகப்போகிற வீட்டுக்கென்று ஒரே வசனம், பன்னிரண்டு அட்டை. பையை நீட்டும்போது பாட்டியின் கட்டைவிரல் முன்னறையை அழுத்தி மூடிக்கொள்ளும். மருமகளை வாட்டி எடுத்த பியூலா டீச்சருக்கு, நாவை அடக்கச் சொல்லும் வசனம் மூன்று வருஷம் தொடர்ந்து வந்தது. நாலாவது வருஷம் டீச்சர் அடங்கினாள். சர்ச் பாடகர் குழுவில் அபஸ்வரமாகப் பாடிய சாமுவேல் அங்கிளுக்கு, சும்மா அமர்ந்திருக்கச் சொல்லும் வசனம்.

பத்து வயதில் நிஷா ஆசைப்பட்டு மூன்று அட்டையை அள்ளிவிட்டாள். மூன்றிலும் பெற்றோருக்குக் கீழ்ப்படி என்றே இருந்தது.

“இது ஏமாத்து வேலை பாட்டி.”

“ஆண்டவருக்கு உலகம் பூரா வேலை. தாம்பரம் ஏரியாவை நான் கொஞ்சம் பாத்துக்கறேன்,” என்றாள் பாட்டி, வெட்கமே இல்லாமல். “வெளிய சொன்னே, அடுத்த வருஷம் கோள் சொல்றவங்களுக்கான வசனம்தான் உனக்கு.”

போன டிசம்பரில் பாட்டி போய்ச் சேர்ந்தாள். இப்போது முதல் வருஷ நினைவு ஜெபக்கூட்டம். நிஷாவுக்குத் துக்கத்தோடு ஒரு பெரிய கவலையும் இருந்தது. குரோம்பேட்டை பேக்கரி ஒன்றில் வேலை பார்த்த அவளுக்கு, உல்லாசக் கப்பலில் கேக் செய்யும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா மோகன்ராஜோ, “பொம்பளைப் புள்ளைக்குக் கப்பல் எதுக்கு?” என்ற ஒரே கேள்வியில் நங்கூரம் போட்டுவிட்டார். அம்மா இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. நிஷாவும் போனால் வீட்டில் அவர் தனியாள். அவர் தலையாட்டாமல் கிளம்ப அவளுக்கு மனசு வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் அப்பா சொன்னார்: “நாளைக்கு எங்கம்மா பையில வசனம் எடுக்கறேன். ஆண்டவர் என்ன சொல்றாரோ அதான். அப்புறம் நீயும் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்.”

நிஷாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மறுநாள் மத்தியானம் கத்தரிக்கோலும் பத்திரிகைகளுமாகப் பாட்டியின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பீரோவிலிருந்து பையை எடுத்துப் பின்னறையைத் திறந்தால், அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. பாட்டியின் சாய்ந்த கையெழுத்தில் பன்னிரண்டு அட்டை. பன்னிரண்டும் ஒரே வசனம்: படகை ஆழத்துக்குக் கொண்டுபோய் வலை வீசு என்று மீனவனுக்குச் சொன்னது.

கப்பல் ஆசையைப் பாட்டியிடம் சொன்னது அப்போதுதான் நிஷாவுக்கு ஞாபகம் வந்தது. “உங்கப்பனை நான் பாத்துக்கறேன். புத்தாண்டு வரட்டும்,” என்றிருந்தாள். புத்தாண்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது போய்விட்டாள். போவதற்கு முன் வேலையை முடித்து வைத்திருக்கிறாள். நிஷா பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

மாலையில் கூடம் நிறைந்தது. “ஞானப்பூம்மா பையில கைய விட்டா ஆண்டவர் நேரா நம்மகிட்டதான் பேசுவார்,” என்று பியூலா டீச்சர் சாட்சி சொன்னாள். சாமுவேல் அங்கிள் பாடாமல் தலையை மட்டும் ஆட்டினார். நிஷா நிமிர்ந்தே பார்க்கவில்லை, பார்த்தால் சிரித்துவிடுவாள்.

அப்பா கண்ணை மூடினார். நிஷா பையை நீட்டினாள். வியர்வையில் கட்டைவிரல் வழுக்கி, முன்னறை வாயைத் திறந்துகொண்டது. அப்பாவின் விரல்கள் நேராக அதற்குள்தான் போயின. நிஷாவுக்கு உயிரே போயிற்று. விரல்கள் ஓர் அட்டையைத் தொட்டன. பிறகு அதை விட்டுவிட்டு வெளியே வந்தன. நடுத் தடுப்பைத் தடவிப் பார்த்து, தாமாகவே பின்னறைக்குள் இறங்கின.

வசனத்தை அவர் சத்தமாக வாசித்தார். ஆழம் என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். போதகர் ஆமென் என்றார்.

சமையலறையில் டீ ஊற்றும்போது நிஷா மெதுவாகக் கேட்டாள். “எத்தனை வருஷமாப்பா தெரியும்?”

“அந்தத் தடுப்பைத் தைக்கும்போது ஊசில நூல் கோத்துக் குடுத்ததே நான்தான். உங்கம்மா இறந்தப்ப வீட்டை வித்துட்டு எங்கயாவது போயிடலாம்னு இருந்தேன். அந்த வருஷமும் முதல்ல முன்னாலதான் கைய விட்டேன். அப்புறம் பின்னால எடுத்தேன். புள்ளையைப் பாத்துக்கோன்னு இருந்துச்சு.”

“இன்னிக்கு முன்னாலயே எடுத்திருக்கலாமே?”

“எடுத்திருக்கலாம்,” என்றவர், டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

ஜனவரி கடைசியில் அவள் கிளம்பினாள். வாசலில் டாக்ஸி நிற்க, அப்பா ஊதாப் பையோடு வந்தார். “கண்ணை மூடு,” என்றார். முன்னறையை அவர் கட்டைவிரல் மறைத்திருந்த லட்சணம் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

எடுத்தாள். அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்தில், உன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று யாருக்கோ சொன்ன வசனம். இன்னொன்று எடுத்தாள். அதுவும் அதேதான். மூன்றாவதும்.

“பன்னண்டுமாப்பா?”

“பத்தாதுன்னா சொல்லு, இன்னும் எழுதறேன். மாமி வீட்ல பத்திரிகை நிறைய இருக்கு.”