வெள்ளிக்கிழமை வைக்கவிருந்த கரு

சீனித்தாய்க்குக் கருத்தரிப்பு மருத்துவமனையின் அந்த அறையே பிடிக்கவில்லை. சுவரில் பெண்ணின் வயிற்றைக் குறுக்கே அறுத்துக் காட்டும் படம். அதற்கு நேர் கீழே மகன் லிங்கராஜ். தாயும் மகனும் சேர்ந்து பார்க்கிற படமா அது? முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின.

சாத்தான்குளத்தில் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். வீட்டுப் பெண்ணின் தீட்டைப் பற்றி அவள் எதிரே எவரும் வாய் திறந்ததில்லை. டாக்டர் ஜெஸ்லினோ மருமகள் சண்முகப்ரியாவிடம் எத்தனை நாள், என்ன நிறம் என்று கத்தரிக்காய் விலை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவையும் நல்ல கருவத்தான் வச்சோம். ஒட்டல. இனி ஒண்ணுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை அத வைக்கதுக்கு முன்னால காரணம் தெரியணும்."

"எங்கிட்ட குறையா மேடம்?" என்றான் லிங்கராஜ்.

"அப்படி இல்ல. கர்ப்பப்பையோட உள்தோல்ல எதிர்ப்பு செல்லுக இருக்கு. அதுக ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்ல சில பொருளு விடும். சைட்டோகைன்னு பேரு. கரு பாதி புருஷனோடது. உடம்புக்கு அது பாதி அந்நியம். அத ஏத்துக்கிடணும்னா அந்தச் சேதியெல்லாம் அளவா வரணும். உள்ள பழைய புண்ணு, கிருமி இருந்தா அளவு கெட்டுரும். இதுக்கு முன்னால கருக்கலைப்பு எதுவும் உண்டா?"

"எங்க குடும்பத்துல அந்த அசிங்கமெல்லாம் கெடையாது டாக்டரம்மா" என்றாள் சீனித்தாய்.

உண்டு; ஆறு வருடத்துக்கு முந்தைய கதை அது. சண்முகப்ரியா அவளுடைய அண்ணன் மகள். நிச்சயம் முடிந்த கையோடு லிங்கராஜால் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. உடனே தாலி கட்டியிருக்கலாம்; ஆனால் ஊர்த் திருவிழாவான அம்மன் கொடைக்குக் கால் நாட்டியாகிவிட்டது. கொடை முடியும்வரை ஊரில் கல்யாணம் கூடாது என்று கூட்டத்தில் கண்டிப்பாகப் பேசியதே சீனித்தாயின் கணவர்தான். கொடை முடிந்தால் ஆடி. ஆவணியில் கல்யாணம் என்றால் ஊர் மாதக் கணக்குப் பார்க்கும். யாருக்கும் தெரியாமல் சீனித்தாய்தான் பெண்ணை வெளியூரில் கரு கலைக்கும் ஒருத்தி வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள்.

சண்முகப்ரியா தலையைத் தூக்கினாள். "அத்த, நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

"ஏளா, வாய மூடு. ஆம்பள இருக்கான்."

"அவுகளும் கேக்கட்டும். மூணாவதையும் சாகக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

சொல்லிவிட்டாள். டாக்டர் திட்டவில்லை. கருவியா, மாத்திரையா, முழுதாக வந்ததா என்று கேட்டாள்.

"நான் மயங்கிட்டேன். அத்தைக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சீனித்தாயைப் பார்த்தார்கள். குளியலறை வாளி, ஈரச் சாக்கு, அந்த வாடை. ஆறு வருடம் கழித்தும் மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்தினாள்.

"கம்பி மாதிரி ஒண்ணு விட்டா. எல்லாம் வந்துட்டுன்னு சொன்னா. நான் பாக்கல. அருவருப்பா இருந்துச்சு."

"காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு. மூணு வாரம் கெட்ட வாடையோட ரத்தம் போச்சு. துணியெல்லாம் நானே அலசினேன். ஆஸ்பத்திரிக்குப் போனா வெளிய தெரிஞ்சிரும்லா."

டாக்டர் பேனாவை மூடினாள். "வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம். கரு உறைநிலையில பத்திரமா இருக்கும். முதல்ல குழாய் விட்டு உள்ள பாத்து, துளி தோலெடுத்துச் சோதிப்போம். புண்ணு இருந்தா அநேகமா மருந்துல ஆறும். அதுக்கப்புறமும் ஒட்டும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

லிங்கராஜ் சத்தம் போடவில்லை. "தானா கலைஞ்சிட்டுன்னுதானம்மா எங்கிட்ட சொன்ன."

"குடும்ப மானம்லே."

"இவ செத்துருந்தா? அதையும் தானா செத்தான்னு சொல்லிருப்ப, என்ன?"

சீனித்தாய் மருமகளைப் பார்த்தாள். சண்முகப்ரியா அவளைப் பார்க்கவில்லை. எந்தத் தேதியில் வரவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாங்க ரெண்டு பேரு மட்டும் வாரோம் மேடம்" என்றான் லிங்கராஜ். பிறகு தாய் பக்கம் திரும்பினான். "நீ வெளிய இரும்மா."

அவள் எழுந்தாள். வழக்கம்போல முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. கதவை அவளேதான் சாத்த வேண்டியிருந்தது.